வெந்நீர் போட்ட இடம்

அயர்லாந்தின் தெற்கே, கார்க் மாவட்டத்தில், உழுது போட்ட வயலில் மழை விட்ட மறுநாள் நடந்து போனால் சில இடங்களில் மண்ணின் நிறம் சட்டென்று மாறும். சுற்றிலும் பழுப்பு மண். நடுவில் மட்டும் பிறை வடிவத்தில், கரியை இடித்துக் கொட்டியதுபோல ஒரே கறுப்பு. குனிந்து ஒரு பிடி அள்ளினால் பாதிக்கு மேல் கல்தான் வரும். ஆற்றுக் கல்லைப் போல வழுவழுப்பாக இல்லாமல் விளிம்பெல்லாம் கூராக, ஒரு பக்கம் மண்சட்டி மாதிரிச் சிவந்து, மேலெல்லாம் விரிசல் ஓடியிருக்கும். சில கற்களைக் கையில் வைத்து அழுத்தினாலே உதிர்ந்துவிடும். நெருப்பில் கிடந்து, தண்ணீரில் விழுந்து, மறுபடி நெருப்புக்குப் போய், கடைசியில் எதற்கும் உதவாமல் வெளியே எறியப்பட்ட கற்கள் இவை. எறிந்து 3,000, 3,500 வருடங்கள் ஆகின்றன.

ஐரிஷ் மொழியில் இதற்கு ஃபுலக்ட் ஃபீயா என்று பெயர். நாம் சுட்ட கல் மேடு என்று வைத்துக்கொள்ளலாம். அயர்லாந்தில் மட்டும் 7,000க்கு மேற்பட்ட மேடுகள் பதிவாகியிருக்கின்றன. அந்த நாட்டின் வரலாற்றுக்கு முந்தைய சின்னங்களில் எண்ணிக்கையில் முதலிடம் இதற்குத்தான். கல்வட்டங்களும் கல்லறைகளும் எல்லாம் இதற்குப் பின்னால்தான். ஆனால் சுற்றுலாப் பேருந்துகள் நியூகிரேஞ்ச் கல்லறைக்குப் போகுமே தவிர இங்கே வராது. வந்தாலும் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? முழங்கால் உயரத்துக்குப் புல் மூடிய ஒரு திட்டு, பக்கத்தில் ஓர் ஓடையோ சதுப்போ. அவ்வளவுதான். கோயில், கல்லறை, கோட்டை எல்லாம் யாரோ திட்டமிட்டுக் கட்டியவை. இதை யாரும் கட்டவில்லை. வேலை செய்துவிட்டுக் கழிவை ஓரமாக ஒதுக்கினார்கள், அது மேடாகிவிட்டது. கழிவைப் பார்த்து, செய்த வேலை என்னவென்று கண்டுபிடிக்க வேண்டியதுதான் தொல்லியல்காரர்களுக்கு வந்து வாய்த்த தலைவலி.

தோண்டிப் பார்த்தால் கிடைப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேட்டின் பிறைக்குள், தரையில் வெட்டிய ஒரு தொட்டி. ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கும் நீளம், ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம், அரை மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளலாம். சிலவற்றில் உட்புறம் ஓக் பலகை பதித்திருப்பார்கள், சிலவற்றில் கல் பலகை. ஒரு பெரிய மரத்தைக் குடைந்து அப்படியே இறக்கியதும் உண்டு. சிலவற்றில் ஒன்றுமே இல்லாமல் களிமண் பள்ளம் மட்டும். தொட்டிக்குப் பக்கத்தில் அடுப்பு எரிந்த தடம். சுற்றிலும் உடைந்த கல்லும் கரியும்.

தாழ்வான ஈர நிலமாகப் பார்த்துத்தான் இடம் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பள்ளம் தோண்டினால் போதும், தண்ணீர் தானாக ஊறி நிரம்பிவிடும், குடம் சுமக்க வேண்டாம். அந்த ஈரம் நமக்கும் ஓர் உதவி செய்திருக்கிறது. நீரில் மூழ்கிய மரத்துக்குக் காற்றுப் படாததால் அது மக்கவில்லை. 3,500 வருடத்துப் பலகையைச் சேற்றிலிருந்து எடுத்துக் கழுவினால் அதைச் செதுக்கிய வெண்கலக் கோடரியின் வெட்டுத் தடங்கள், வாய் அகலம் அளக்கும் அளவுக்குத் தெளிவாகத் தெரியும். பலகைகளின் இடுக்கில் தண்ணீர் கசியாமல் இருக்கப் பாசியை அடைத்திருப்பதும் உண்டு. அடைத்த கையின் பொறுமை தெரிகிறது, ஆளைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

சரி, இதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள்? அடிப்படை வேலையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கல்லை நெருப்பில் பழுக்கச் சுட்டு, தொட்டித் தண்ணீரில் போட்டு, தண்ணீரைச் சூடாக்கினார்கள். மரத்தொட்டியை அடுப்பில் ஏற்ற முடியாது. அதனால் பாத்திரத்தை நெருப்புக்குக் கொண்டுபோகாமல், நெருப்பைப் பாத்திரத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

இது உண்மையிலேயே நடக்கிற காரியமா என்று செய்து பார்த்தவர் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் ஓகெல்லி. பின்னாளில் நியூகிரேஞ்சைத் தோண்டி, குளிர்காலத்தின் மிகக் குறுகிய நாளில் உதயச் சூரியனின் ஒளி கல்லறையின் உள்ளறை வரை நுழைவதை 1967இல் முதன்முதலாகப் பார்த்தாரே, அவரேதான். அந்தப் புகழுக்கெல்லாம் முன்பு, 1950களின் தொடக்கத்தில், பாலிவோர்னி என்ற ஊரில் ஒரு சுட்ட கல் மேட்டைத் தோண்டினார். தோண்டி முடித்ததும் மூடிவிட்டுப் போகவில்லை. தொட்டியை முன்பிருந்த மாதிரியே சரிசெய்து, சுமார் 450 லிட்டர் தண்ணீர் நிரப்பினார். நம் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேனில் இருபத்திரண்டுக்கும் மேல். கற்களைச் சுட்டு ஒவ்வொன்றாகப் போடப்போட அரை மணி நேரத்தில், கொஞ்சம் முன்பின்னாக, தண்ணீர் கொதித்துவிட்டது.

அப்புறம் வைக்கோல் சுற்றிய ஆட்டுக் கால் ஒன்றை உள்ளே இறக்கினார்கள். எடை 10 பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ. பவுண்டுக்கு 20 நிமிடம், மேற்கொண்டு ஒரு 20 நிமிடம் என்பது அங்கே சமையற்கட்டில் சொல்லும் கணக்கு. அதன்படி 3 மணி 40 நிமிடம். அவ்வப்போது ஒரு கல்லைப் போட்டால் கொதி அடங்காமல் நின்றது. தண்ணீர் சாம்பலும் சேறுமாகக் கலங்கியிருந்தாலும் வைக்கோல் சுற்றியிருந்ததால் இறைச்சியில் அழுக்கு ஒட்டவில்லை. நன்றாக வெந்து, ருசியாகவும் இருந்ததாம். தொல்லியல் ஆய்வறிக்கையில் சமையல் குறிப்பு இடம்பெறுவது அபூர்வம். ஐரிஷ் மாணவர்களுக்கு இந்த மேடு என்றாலே ஆட்டுக் கால்தான் நினைவுக்கு வரும் என்கிற அளவுக்கு அந்தச் சோதனை நிலைத்துவிட்டது. அதே பத்தாண்டின் இறுதியில் டிராம்பெக் கல்வட்டத்தின் பக்கத்தில் இருந்த தொட்டியில் எட்வர்ட் ஃபேஹி என்பவர் 300 லிட்டருக்கு மேல் தண்ணீரை 18 நிமிடத்தில் கொதிக்க வைத்தார். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் சூடு ஆறவில்லை.

கேட்க எளிதாக இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 450 லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 170 மெகாஜூல் வெப்பம் வேண்டும். கல் வெப்பத்தைத் தேக்குவதில் தண்ணீருக்கு ஐந்தில் ஒரு பங்குதான். 600 டிகிரிக்குச் சுட்ட ஒரு கிலோ கல், தண்ணீரில் விழுந்து 100 டிகிரிக்கு இறங்கும்போது 450 கிலோஜூல் அளவுக்குக் கொடுக்கும். வகுத்தால் 375 கிலோ கல் வருகிறது. காற்றோடும் மண்ணோடும் போகும் சூட்டையும் சேர்த்தால் அரை டன் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அரை டன் கல்லை அடுப்பில் அடுக்கி, செக்கச்சிவக்கச் சுட்டு, ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட வேண்டும். அதற்கு முன்னால் விறகு வெட்டிக் கொண்டுவர வேண்டும். ஓர் ஆள் பசிக்குச் செய்கிற வேலை இல்லை இது.

கல் ஏன் உடைகிறது என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். சூடான கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் பட்டென்று விரிசல் விடும் அல்லவா, அதேதான். மேற்புறம் சட்டென்று குளிர்ந்து சுருங்கும். உள்ளே இன்னும் சூடு, சுருங்காது. இழுபறியில் பிளக்கும். கல்லின் நுண்துளைகளில் இருக்கும் ஈரம் நீராவியாகி உள்ளிருந்து தள்ளுவது இன்னொன்று. குவார்ட்ஸ் கலந்த கல்லானால் 573 டிகிரியில் அந்தப் படிகங்களின் அமைப்பே மாறி உப்பிவிடும், ஆறும்போது திரும்பச் சுருங்கும். ஆனாலும் மணற்கல் பரவாயில்லை. சில முறையாவது தாங்கும். சுண்ணாம்புக் கல்லைக் கொண்டுபோய்ச் சுட்டால் கதையே வேறு. அது சுண்ணாம்பாகி, தண்ணீரில் விழுந்ததும் கிளிஞ்சல் சுண்ணாம்பு நீற்றுவதுபோலக் கொதித்துக் கரைந்து, தொட்டி முழுவதும் கையை அரிக்கும் காரநீர் ஆகிவிடும். அதனால்தான் சுண்ணாம்புக் கல் நிறைந்த பகுதிகளில்கூட எங்கிருந்தோ மணற்கல்லைத் தேடிக் கொண்டுவந்து சுட்டிருக்கிறார்கள். எந்தக் கல் எத்தனை சூடு தாங்கும் என்பது அவர்களுக்குக் கைப்பாடமாக இருந்திருக்கிறது.

உடைந்த சில்லுகள் தொட்டியின் அடியில் சேரும். ஒரு தடவை முடிந்ததும் வாரி வெளியே எறிய வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை தண்ணீருக்கு இடம் இருக்காது. தொட்டியின் ஒரு பக்கம் அடுப்பும் ஆள் நடமாட்டமும். அந்தப் பக்கம் எறிய முடியாது. மற்ற மூன்று பக்கமும் எறிவார்கள். வருடக்கணக்கில் அப்படி எறிந்தால் குதிரை லாட வடிவம் தானே வந்துவிடும். பிறை வடிவத்துக்கு நிலா வழிபாடு, சடங்கு என்றெல்லாம் போகத் தேவையில்லை.

இன்னொரு கணக்கும் போடலாம், தோராயமாகத்தான். ஒரு மேட்டில் 30 டன் உடைந்த கல் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு அரை டன், ஒவ்வொரு கல்லும் நாலு முறை தாங்கும் என்றால், ஒரு தடவைக்குக் கழிவு 125 கிலோ. அப்படியானால் மொத்தம் 240 தடவை. மாதம் இரண்டு முறை என்றால் பத்தே வருடத்தில் அந்த மேடு எழுந்திருக்கும். வருடத்துக்கு நாலு விசேஷம் என்றால் 60 வருடம், அதாவது தாத்தா தொடங்கியதைப் பேரன் முடித்த கணக்கு. எது சரி என்று கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் பெரிய மேடு என்றதும் பெரிய கூட்டம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

இத்தனை மேடுகள் இருப்பது தெரியவந்தது பெரும்பாலும் சாலை போட்டதால். 1990களிலும் அதன் பின்னும் அயர்லாந்தில் பணம் புரண்ட காலத்தில் நெடுஞ்சாலைகளும் எரிவாயுக் குழாய்களும் நாட்டின் குறுக்கே போயின. சட்டப்படி முதலில் தொல்லியல் ஆட்கள் வந்து மேல்மண்ணை வழித்துப் பார்க்க வேண்டும். வழித்த இடமெல்லாம் கறுப்பு மண். முன்பு விவசாயி உழும்போது கண்ணில் பட்டவை மட்டுமே கணக்கில் இருந்தன. சாலைகளோ யாரும் தேடாத இடங்களை, சதுப்பு ஓரங்களையெல்லாம், நேர்கோட்டில் கீறிக் காட்டின. கரித்துண்டுகளைக் கார்பன்-14 முறையில் சோதித்தபோது பெரும்பாலானவை கி.மு. 2000க்கும் கி.மு. 800க்கும் இடையில் விழுந்தன. அதிலும் கி.மு. 1500ஐ ஒட்டி நெருக்கம் அதிகம். ஒருசில புதிய கற்காலம் வரை பின்னோக்கிப் போகின்றன.

ஆனால் கார்பன் சோதனை வருவதற்கு முன்பு இவற்றின் காலத்தை எழுத்தை வைத்துத்தான் ஊகித்தார்கள். அந்த எழுத்து ஜெஃப்ரி கீட்டிங் என்ற பாதிரியாருடையது. 1630களில் ஐரிஷ் மொழியில் அயர்லாந்தின் வரலாற்றை எழுதியவர். அதில் ஃபியன் வீரர்களைப் பற்றி ஒரு பகுதி வரும். ஃபின் மக்கூல் என்ற தலைவனின் கீழ், கோடை முழுவதும் காட்டில் வேட்டையாடித் திரிந்த வீரர் கூட்டம் அது. பகலில் வேட்டையாடியதை ஒரு குன்றுக்கு அனுப்புவார்களாம். அங்கே பெரிய நெருப்பு மூட்டிக் கற்களைச் சுடுவார்கள். மஞ்சள் களிமண்ணில் இரண்டு குழி தோண்டுவார்கள். இறைச்சியில் ஒரு பகுதியைக் கம்பியில் குத்தி வாட்டுவார்கள், மீதியை வைக்கோல் புரியால் கட்டிப் பெரிய குழியில் போட்டு, சுட்ட கல்லை மாற்றி மாற்றிப் போட்டு வேகவைப்பார்கள். ஓகெல்லி ஆட்டுக் காலுக்கு வைக்கோல் சுற்றிய யோசனை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

பெயரிலும் வேட்டைதான் தொற்றிக்கொண்டிருக்கிறது. ஃபுலக்ட் என்றால் சமையல் நடந்த இடம். ஃபீயா என்பதை மான் என்றும் சொல்லலாம், காட்டு என்றும் சொல்லலாம், ஃபியன் வீரர்களின் என்றும் பிரிக்கலாம். மூன்று வழியில் போனாலும் காட்டில் சமைத்த வேட்டைக்காரர்களிடம்தான் போய் நிற்போம். ஆனால் கீட்டிங்குக்கும் இந்த மேடுகளுக்கும் நடுவே 3,000 வருடம் இருக்கிறது. அவர் கண்ணால் பார்த்து எழுதவில்லை. நிலத்தில் கறுப்பு மேடுகள் கிடக்கின்றன, ஊர்க் கதைகளில் வீரர்கள் இருக்கிறார்கள், இரண்டையும் யாரோ எப்போதோ முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஓர் இணை உண்டு. ஹம்பிக்கு அருகே நிம்பாபுரத்தில் சாம்பல் இறுகிக் கிடக்கும் ஒரு மேட்டை வாலியின் உடலை எரித்த இடம் என்று காட்டுவார்கள். கிஷ்கிந்தை அதுதான் என்கிற ஊரில் வேறென்ன சொல்வார்கள்! கர்நாடகம், தெலங்கானா, ஆந்திரப் பகுதிகளில் இப்படிச் சாம்பல் மேடுகள் நிறைய உண்டு. 1957இல் உட்னூரில் ஒரு மேட்டைத் தோண்டிய ரேமண்ட் ஆல்சின், புதிய கற்காலத்து மாட்டுப் பட்டியையும், அதில் குவிந்து மறுபடி மறுபடி எரிந்த சாணத்தையும், மாட்டுக் குளம்பு பதிந்த தடங்களையும் கண்டார். அது சாணச் சாம்பல், அயர்லாந்தில் கிடப்பது உடைந்த கல். இரண்டும் ஒன்றல்ல, குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் பெரிய எரிந்த குவியலைப் பார்த்ததும் அதற்கு ஒரு வீரனைத் தேடுகிற மனம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

வேட்டைச் சமையல் என்ற விளக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. எலும்பு எங்கே? ஆட்டையும் மாட்டையும் மானையும் தலைமுறை தலைமுறையாகச் சமைத்துத் தின்ற இடத்தில் எலும்பு குவிந்து கிடக்க வேண்டாமா? பெரும்பாலான மேடுகளில் இல்லை, அல்லது பேருக்குச் சில துண்டுகள். அயர்லாந்தின் புளித்த சதுப்பு மண் எலும்பைக் கரைத்துவிடும் என்பது ஒரு பதில், நியாயமான பதிலும்கூட. வெந்ததை எடுத்துக்கொண்டு போய் ஊரில் உட்கார்ந்து தின்றிருக்கலாம் என்பது இன்னொன்று. என்றாலும் மண் அவ்வளவு புளிக்காத இடங்களிலும் எலும்பு எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்பது உறுத்தலாகவே இருந்தது. ஓகெல்லியின் அறிக்கையைத் திரும்பப் படித்தாலும் ஒன்று தெரியும். தொட்டிக்கு அருகே ஒரு குடிசையின் தூண்குழிகளைக் கண்டவர், உள்ளே இருந்த குழிகளில் சிலவற்றை இறைச்சி தொங்கவிடும் சட்டம் என்றும், ஒன்றைக் கறி வெட்டும் கட்டையின் இடம் என்றும் படித்தார். குழி குழிதான். கறிக்கடை அவர் மனத்தில் ஏற்கெனவே இருந்தது.

1987இல் லாரன்ஸ் பார்ஃபீல்டும் மைக்கேல் ஹாடரும் வேறொரு யோசனையை வைத்தார்கள். இவர்கள் வேலை செய்தது அயர்லாந்தில் இல்லை, இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்காமில். அந்த நகரத்தின் ஓடைக் கரைகளிலும் சுட்ட கல் மேடுகள் வரிசையாக உண்டு, வீடுகளுக்கும் பூங்காக்களுக்கும் நடுவே. காப் லேன் என்ற இடத்தில் தோண்டிப் பார்த்தவர்களுக்குச் சமைத்ததற்கான தடயம் கிடைக்கவில்லை. அப்படியானால் இது குளிக்கும் இடமாக, நீராவிக் குளியலுக்கான இடமாக ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டார்கள். பழுத்த கல்லின் மேல் தண்ணீர் தெளித்து, மேலே தோலோ துணியோ போர்த்திய சின்னக் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வியர்க்கும் வழக்கம் வட அமெரிக்கப் பழங்குடிகளிடம் இருந்தது. பின்லாந்துக்காரர்களுக்கு சானா என்கிற வியர்வைக் குளியல் இன்றும் அன்றாடம். அயர்லாந்திலேயே 18, 19ஆம் நூற்றாண்டுகளில் மூட்டுவலிக்கு மருந்தாக வியர்வை வீடுகள் என்ற சின்னக் கல்குடில்கள் இருந்தன.

வேடிக்கை என்னவென்றால், கீட்டிங்கும் இதைச் சொல்லியிருக்கிறார். அவர் கதையில் குழி இரண்டு அல்லவா? முதல் குழியில் இறைச்சி வேகும்போது, வீரர்கள் உடையைக் களைந்து, சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டாவது குழியைச் சுற்றி உட்கார்ந்து, தலைக்குக் குளித்து, கைகால் கழுவி, களைப்புத் தீர உடம்பைப் பிடித்துவிட்டுக்கொள்வார்களாம். மூன்று நூற்றாண்டாக எல்லோரும் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறார்கள், இறைச்சியை மட்டும் கவனித்திருக்கிறார்கள்.

அப்புறம் பீர். கால்வே நகரத்துத் தொல்லியலாளர் பில்லி குவின், முந்தின இரவின் மப்பு தெளியாத ஒரு காலையில் இந்த யோசனை வந்ததாகச் சொல்லியிருக்கிறார். வெண்கலக் காலத்தவர்களுக்கும் குடிக்கத் தோன்றியிருக்காதா என்பதுதான் கேள்வி. 2007இல் அவரும் டெக்லன் மூரும் ஒரு மரத் தொட்டியில் 300 லிட்டர் தண்ணீர் நிரப்பி, சுட்ட கல் போட்டு 60, 70 டிகிரிக்குக் கொண்டுவந்தார்கள். அரைத்த பார்லி மால்ட்டை அதில் கலக்கி முக்கால் மணி நேரம் அந்தச் சூட்டிலேயே வைத்தார்கள். தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதற்கு அந்தச் சூடுதான் சரி, கொதித்தால் கெட்டுவிடும். பிறகு பானைகளில் மொண்டு, ஆறவிட்டு, வாசனைக்குக் காட்டுச் செடிகளும் ஈஸ்ட்டும் சேர்த்தார்கள். 110 லிட்டர் அளவுக்கு நுரை பொங்கும் பீர் கிடைத்தது. செய்தித்தாள்கள் விடுமா? உலகம் முழுக்கப் போனது. முடியும் என்று அவர்கள் காட்டியதில் சந்தேகமில்லை. ஆனால் மேடுகளில் எலும்பு இல்லை என்று சமையலை ஒதுக்கினால், தானியமும் ஏறக்குறைய இல்லை என்பதை பீருக்கும் சொல்ல வேண்டும். தொட்டியில் மணிக்கணக்கில் பார்லியைக் கலக்கியிருந்தால் இடுக்குகளில் கொஞ்சமாவது கருகி மிஞ்சியிருக்கும்.

இவ்வளவு சத்தம் போடாமல், ஆனால் எனக்கு அதிகம் நம்பத் தோன்றுகிற விளக்கம் துணியும் தோலும். ஆட்டு மயிரில் ஒட்டியிருக்கும் கொழுப்பு வெந்நீரில்தான் போகும். நெய்த கம்பளியை வெந்நீரில் போட்டு மிதித்தால்தான் இறுகித் தடிக்கும். சாயம் ஏற்றவும் சூடு வேண்டும். தோலிலிருந்து மயிரைக் கழிக்கவும் அப்படியே. ஆண்டனி பிரவுன் தலைமையிலான குழு அயர்லாந்தின் எட்டு இடங்களில் மகரந்தம், பூச்சி ஓடுகள், மண்ணின் வேதியல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வும் இந்தத் திசையைத்தான் காட்டியது. இந்த வேலை எதிலும் எலும்போ தானியமோ மிஞ்ச வழியில்லை. கழிவு தண்ணீரோடு போய்விடும். நாற்றமும் அழுக்குத் தண்ணீரும் இருக்கும், அதனால் ஊருக்கு வெளியே, ஓடைப் பக்கத்தில் செய்வார்கள். மேடுகள் இருப்பதும் அங்கேதான்.

ஆனாலும் துணிதான் விடை என்று அடித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேள்வியே கொஞ்சம் பிசகு என்று படுகிறது. நம் ஊர்ப் பெரிய செப்பு அண்டாவை நினைத்துப் பாருங்கள். தீபாவளி அதிகாலையில் குடும்பத்துக்கே எண்ணெய்க் குளியல் வெந்நீர் அதில்தான். அறுவடை முடிந்தால் அதே அண்டாவில் நெல் அவிப்பார்கள். கல்யாணம் என்றால் சோறு வடிப்பார்கள். இரவல் போன வீட்டில் என்னென்ன செய்தார்களோ. அந்த அண்டாவை மட்டும் தோண்டி எடுத்து, இது குளிக்கவா சமைக்கவா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினால் நம் பாட்டிமார் சிரிப்பார்கள். தொட்டி தருவது ஒன்றே ஒன்று, நிறையச் சுடுதண்ணீர். அதை வைத்து அன்றைக்கு எது தேவையோ அது. 7,000 இடங்களுக்கும், ஆயிரம் வருடத்துக்கும் மேலாக நீண்ட ஒரு வழக்கத்துக்கும் ஒரே பதில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது?

வெண்கலக் காலத்து மண்பானையில் ஒரு குடும்பத்துக்குக் கஞ்சி காய்ச்சலாம். 450 லிட்டர் கொதிக்க வைக்க முடியாது. உலோகத் தகடுகளை ஆணியடித்து இணைத்த பெரிய கொப்பரைகள் அந்தக் காலத்தின் பிற்பகுதியில்தான் வருகின்றன, அவையும் வசதி படைத்தவர்களிடம் மட்டும். ஆக, சுட்ட கல்லும் குழியும் இருந்தால்தான் பெரிய அளவில் வெந்நீர் என்ற நிலை நூற்றாண்டுகளாக இருந்திருக்கிறது. இரும்புக் காலத்தில் புதிய மேடுகள் மிகவும் குறைந்துபோகின்றன. கொப்பரைதான் காரணமா, வேறு ஏதாவதா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் இதே மேடுகள் உண்டு. ஸ்வீடனிலும் உடைந்த கல் மேடுகள் ஏராளம், ஆனால் அங்கே சிலவற்றுக்குள் மனிதரைப் புதைத்தும் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளுக்குப் போனால் காட்சி மாறிவிடுகிறது. அங்கே மரம் அரிது. சதுப்பில் வெட்டிக் காயவைத்த பீட் என்ற மக்கிய மண்தான் எரிபொருள். தொட்டியும் கல் பலகை. அதைவிட முக்கியம், தொட்டியைச் சுற்றிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். ஆர்க்னியின் லிடில் என்ற இடத்தில் 1972இல் ரோனி சிமிசன் என்ற விவசாயி தன் நிலத்தில் இருந்த மேட்டைக் கிளறியபோது கல் கட்டடம் ஒன்று வெளிப்பட்டது. நட்டநடுவில் பெரிய கல் தொட்டி, சுவரோரம் அடுப்பு. தோண்டியவர்கள் இதைச் சமையல் நடந்த இடமாகப் பார்த்தார்கள். சானா கட்சிக்காரர்கள், நாலு சுவரும் கூரையும் இருந்தால் நீராவி நிற்குமே என்பார்கள். 2015இல் வெஸ்ட்ரே தீவில் சுட்ட கல் மேட்டுக்கு அடியில் இன்னும் பெரிய கட்டடம் ஒன்று, நடுவில் தண்ணீர்த் தொட்டியோடு கிடைத்தது. தோண்டியவர்களே சானாவாகவும் இருக்கலாம் என்று சொன்னார்கள்.

ஷெட்லாந்தின் பிரெசே தீவில் கடலோரத்தில் க்ரூஸ்டர் என்று ஒரு மேடு. அலை அடித்து அடித்துக் கரை சரிந்துகொண்டே வந்ததில், உள்ளே இருந்த கட்டடம் பாதி வெளியே தெரிந்தது. அப்படியே விட்டால் சில வருடங்களில் கடலுக்குள் போய்விடும். ஊர்க்காரர்களும் தொல்லியல் ஆட்களும் சேர்ந்து 2008இல் அதைக் கல் கல்லாகப் பிரித்து, தீவின் வரலாற்று மையத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மறுபடி அடுக்கிக் கட்டினார்கள். சுவர்களையும் தொட்டியையும் இப்போது அங்கே பார்க்கலாம். இடம் மாறியது கட்டடம் மட்டும்தான். மேட்டுக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்த சுட்ட கற்களை எண்ணிப் பிரித்து எடுத்துவர யாரும் நினைக்கவில்லை.